27-ல நிக்கணும்

மே 7
மதுரையில அப்பச்சிக்கு கீமோ ஏத்திட்டுத் திரும்பி வரும்போது மேலூர் தாண்டுனதும் கார் ஏசி பேய் புடிச்ச மாதிரி அடிக்க ஆரம்பிச்சுருச்சு. வச்சிருக்கறது 27 டிகிரி, வர்றது ஐஸ்காத்து, ப்ளோயர் வேற ஃபுல்லு. அப்பச்சி ரெண்டு கையையும் துண்டுக்குள்ள சுத்தி வச்சுக்கிட்டாக. ஆஃப் பண்ணுனா உள்ள வேகுது, கண்ணாடிய இறக்குனா அனலு. திருப்பத்தூர் வரைக்கும் ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு நானேதான் தெர்மோஸ்டாட்.

மே 8
மருந்து ஏத்துனதுல அப்பச்சிக்கு விரல் மரத்துக் கெடக்கு, குளுந்தது எதுவும் ஆகல. எவர்சில்வர் டம்ளர் தொட்டாலே சுள்ளுங்குதாம். ஆத்தாகிட்ட பிளாஸ்டிக் டம்ளர்ல வெதுவெதுன்னு குடுங்கன்னு சொன்னேன்.

மே 10
காரைக்குடி ஏசி மெக்கானிக். வண்டிய தொடக்கூட இல்ல, "கேஸ் அடிச்சுரலாம்ணே"ங்கறான். தம்பி, குளிரு பத்தலன்னா வந்தேன், குளிரு தாங்கலன்னு வந்துருக்கேன். அப்பறம் டேஷ்போர்டு மேல ஆத்தா ஒட்டிவச்ச பிள்ளையாரப் பாத்துட்டு, வெயில் சென்சார மறைக்கிறாரு, அதான்னான். வெயில மறைச்சா வெயில் இல்லன்னு நெனச்சு கூலிங்க கொறைக்கணும், கூட்டாது. பிள்ளையார் நிரபராதி.

மே 11
அக்னி நட்சத்திரம்னா சும்மாவா. பட்டாலையில படுத்தா மட்டும் ஒண்ணும் தெரியல, இந்த வீட்டுக்கு சென்சாரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல.

மே 12
எங்கிட்ட இருக்கற, வண்டில சொருகிப் பாக்குற சின்ன டாங்கிள்ல இன்ஜின் கணக்குதான் வருது, ஏசி பக்கம் போக மாட்டேங்குது. தேவகோட்டை ரோட்டுல பெரிய ஸ்கேனர் வச்சிருக்கற இடத்துக்குப் போனேன். எரர் கோடு ஒண்ணுமில்ல. லைவ் டேட்டால வெளிய 38, கூலிங் காயில் 4, உள்ள 43. சீட்டுல வச்ச என் தெர்மாமீட்டர் 26 காட்டுது, பல்லு கிட்டுது, வண்டி 43ங்குது. அப்ப அது கூலிங்க கொட்டத்தானே செய்யும். வயர் அந்துருந்தா மைனஸ் 40னு ஏதாவது காட்டி கோடு விழுந்துருக்கும், இது 43ங்கறதால நம்பிட்டு உக்காந்துருக்கு, வெயில்ல நின்ன வண்டில 43 சகஜம்தானே. உள்சூட்ட அளக்குற சென்சார மாத்தணும், மெட்ராஸ்ல இருந்து வரணும், எப்ப வரும்னு சொல்ல முடியாதுன்னாரு. 21ந்தேதி மறுபடி மதுரை.

மே 13
ராத்திரி அப்பச்சி எந்திரிச்சு முகப்புல வந்து உக்காந்துருந்தாக. தூக்கம் வரலையாப்பான்னு என்னையக் கேக்குறாக.

மே 14
சென்சார கழட்டிட்டேன். ஸ்டீயரிங் பக்கத்துல சின்ன சல்லடை மாதிரி இருக்குமே, அதுக்குப் பின்னாடி. சூடு ஏறுனா ஓம்ஸ் எறங்கும், குளுந்தா ஏறும், அம்புட்டுதான் இதுக்குள்ள இருக்கற சூட்சுமம். மல்டிமீட்டர் வச்சேன். வளவுல 30 டிகிரி, 8 கிலோ ஓம்ஸ் சொச்சம். உள்ளங்கையில பொத்துனா கடகடன்னு எறங்குது. பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஐஸ் தண்ணில விட்டேன், 33 கிலோ ஓம்ஸ் கிட்ட போயி நின்னுச்சு. 25 டிகிரில 10 கிலோ ஓம்ஸ் காட்டுற 10கே சென்சாருக்கு இதான் கணக்கு. கனெக்டர்ல பச்சை புடிக்கல, புடிச்சிருந்தாலும் ஓம்ஸ் கூடி குளிருதுன்னுல்ல சொல்லணும், இது எதிர்ப்பக்கமா சொல்லுது. ஐஸ் டம்ளர அப்பச்சி கண்ணுல படாம கொல்லைப்பக்கம் ஊத்துனேன்.

அப்ப சென்சார் பொய் சொல்லல. அது இருக்கற எடம்தான் 43.

மே 15
சாப்புடல. ரெண்டு வாய் இடியாப்பம்.

மே 16
சென்சார மாட்டிட்டு டிஷ்யூ பேப்பர் கிழிச்சு சல்லடை மேல வச்சு ப்ளோயர ஃபுல்லா விட்டேன். ஒட்டணும். ஏன்னா அதுக்குப் பின்னாடி ஒரு குழா, ப்ளோயர் காத்து ஓடுற வேகத்துல உள்ளருந்து காத்த இழுத்து சென்சார் மேல ஓட்டணும், சில வண்டில அதுக்குன்னே குட்டி ஃபேன் இருக்கும், நம்மளதுல குழாதான். பேப்பர் பொத்துன்னு விழுந்துருச்சு. மறுபடி வச்சேன், மறுபடி விழுந்துச்சு. எனக்கு ஒரே சந்தோசம், ஆத்தா வந்து என்னப்பா தனியா சிரிக்கிறங்கிறாக.

மே 17
காலையில இருந்து டேஷ்போர்டுக்கு அடியில தலைய விட்டுக்கிட்டு. குழா கழண்டு தொங்குது! போன மாசம் ஸ்டீரியோ மாத்துனவன் கைக்கு இடைஞ்சலா இருந்துச்சுன்னு உருவி விட்டுட்டு அப்படியே மூடிட்டான். சென்சாரு பாவம், டேஷ்போர்டுக்குள்ள அடைஞ்சு கெடக்கற வெக்கைய அளந்துக்கிட்டு இருந்துருக்கு. கிளிப்பு ஒடைஞ்சுருக்கு, டேப் சுத்தி கேபிள் டை போட்டேன். பேப்பர் ஒட்டுச்சு.

மே 18
உச்சி வெயில்ல திருமயம் போயி வந்தேன், தெர்மாமீட்டரோட. முதல்ல நல்லா அடிச்சுச்சு, கொஞ்ச நேரத்துல தானா ப்ளோயர் கொறைஞ்சு 27 கிட்டவே நின்னுச்சு. மெட்ராஸ் சென்சார் வேண்டாம்னு போன் பண்ணிச் சொன்னேன், அவருக்கு நம்பிக்கை இல்ல.

பக்கத்து சீட்டு வென்ட்ட மட்டும் மூடி வைக்கணும். 27னாலும் காத்து காத்துதான், நேரா கையில படக்கூடாது.

மே 20
நாளைக்கு 5 மணிக்கு கெளம்பணும். ஃபைல், துண்டு, ஃபிளாஸ்க். மறுபடி போயி பேப்பர் வச்சுப் பாத்தேன். ஒட்டுது. ராத்திரி இன்னொரு தடவை பாத்தேன்.

மே 21
அப்பச்சிக்கு ரத்தத்துல கவுண்ட் பத்தலையாம். இன்னைக்கு மருந்து ஏத்தல, 28 வரச் சொல்லிட்டாக. வர்ற வழியெல்லாம் 27லயே நின்னுச்சு வண்டி. அப்பச்சி பிள்ளையார்பட்டி வரைக்கும் தூங்குனாக, எந்திரிச்சு, "ஏசி போட்டுருக்கியா தம்பி"ன்னு கேட்டாக.

மே 23
புது கிளிப் வந்துருச்சு. மாட்டணும்.