முகெனில் முதல் சண்டை கேம்

பிடித்த கதாபாத்திரங்களை மோதவிட்டு ஒரு சண்டை கேம் செய்ய ஆசையா? முகெனில் தொடங்குங்கள். எலெக்பைட் குழு 1999இல் வெளியிட்ட கேம் எஞ்சின் (கேம் செய்ய உதவும் மென்பொருள்) இது, இன்னமும் ரசிகர்களின் செல்லம். கூடவே வரும் குங் ஃபூ மேன் என்ற கதாபாத்திரம்தான் முதல் ஆசான். அவன் ஃபோல்டரை காப்பி எடுத்து, அதிலுள்ள ஃபைல்களை நோட்பேடில் திறந்து, ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பாருங்கள். ஏர் ஃபைலில் அனிமேஷன், சிஎம்டியில் பட்டன் கட்டளைகள், சிஎன்எஸ்ஸில் அடியின் வலு. இவை எல்லாமே வெறும் டெக்ஸ்ட்! படங்களுக்கு ஃபைட்டர் ஃபேக்டரி என்ற எடிட்டர் வேண்டும்.

அப்புறம், சண்டை ஓடும்போது கன்ட்ரோல் சி அழுத்தினால் அடிக்கும் பகுதி சிவப்புப் பெட்டியாகவும் அடி வாங்கும் பகுதி நீலப் பெட்டியாகவும் தெரியும். அந்தப் பெட்டிகளைப் பொறுமையாகச் சரிசெய்யுங்கள், சண்டையின் ருசியே அங்கேதான். அடுத்தவர் வரைந்த ஸ்பிரைட்டை (கதாபாத்திரப் படத்தை) எடுத்தால் அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள். விற்கவே வேண்டாம்.