பீரோ சாவி

கிளை நூலகத்தில் மூன்றாம் நிலை நூலகராக நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, பொறுப்பை ஒப்படைத்தவர் என் கையில் இரண்டு சாவி கொடுத்தார். ஒன்று வாசல் கதவுக்கு. இன்னொன்று நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவுக்கு. "தம்பி, விலை ஜாஸ்தியான புத்தகத்தையெல்லாம் இதுக்குள்ள போட்டுப் பூட்டிடுங்க. இருப்பு எடுக்கும்போது குறைஞ்சா உங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க" என்றார். நல்ல மனிதர். அவருக்கு அப்படிப் பிடித்திருக்கிறார்கள்.

நானும் பூட்டினேன். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை கொண்டுவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் அந்த பீரோவுக்குள்தான் இருந்தன. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கிரகணம் பற்றிப் படிக்க அதைக் கேட்டு வந்தான். வீட்டுக்கு இல்லை, அங்கேயே உட்கார்ந்து படிக்கத்தான். "பைண்டிங்குக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான், இரண்டு தடவையும் அதே பதில். அப்புறம் வரவில்லை. புத்தகம் எனக்கு மூன்றடி பின்னால் இருந்தது. முப்பது வருடம் கழிந்தும் இதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

இத்தனைக்கும் இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகளைப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். 'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்பது முதல் விதி. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததைச் சொல்லித்தான் அதை விளக்கத் தொடங்குவார். அந்த விதிகள் அச்சில் வந்த அதே 1931-ல்தான் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக அனுப்பினார், தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். வண்டி கட்டிக்கொண்டு வாசகனைத் தேடிப் போன ஊர்ப்பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், வாசலுக்கே வந்த பையனைத் திருப்பி அனுப்பினேன்.

இரண்டாம் நிலை, முதல் நிலை என்று ஏறி, கடைசி ஆறு வருடம் மாவட்ட நூலக அலுவலராக இருந்தேன். அந்த நாற்காலியில் புத்தகம் கண்ணில் படுவதே குறைவு. 1948-ன் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலாகிறது, ஆனால் உள்ளாட்சிகள் அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும், கட்ட வைக்க நாம் நடையாய் நடக்க வேண்டும். அப்புறம் வாடகைக் கட்டடம், ஒழுகும் கூரை, காலிப் பணியிடம், இரண்டு நூலகத்தை ஒருவரே பார்க்கும் ஏற்பாடு. இதெல்லாம் எல்லா அலுவலருக்கும் உள்ளது.

நான் பிடிவாதமாகச் செய்தது ஒன்றுதான். ஆய்வுக்குப் போனால் வருகைப் பதிவேட்டுக்கு முன்னால் பீரோவைத் திறக்கச் சொல்வேன். பெரும்பாலும் உள்ளே அகராதிகள், படம் போட்ட அறிவியல் புத்தகங்கள், போட்டித்தேர்வுப் புத்தகங்கள், எல்லாம் கசங்காமல் புத்தம் புதிதாக. வெளியே பிள்ளைகள் சொந்தக் காசில் வாங்கிய கைடை வைத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். நூலகர்களைத் திட்டி என்ன பயன்? சம்பளம் போய்விடும் என்று பயப்படுகிறவரிடம் ரங்கநாதனைச் சொன்னால் காதில் ஏறாது. மத்திய அரசின் பொது நிதி விதிகளிலேயே, ஆண்டில் வாசகர் கைக்குப் போகும் 1000 புத்தகத்துக்கு 5 தொலைந்தால், கவனக்குறைவோ நேர்மையின்மையோ இல்லாதவரை அது இயல்பான இழப்பு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் பையிலேயே வைத்திருந்தேன். தொலைந்த புத்தகத்தை நூலகர் தலையில் கட்டாமல் கணக்கிலிருந்து நீக்கக் கேட்கும் ஒவ்வொரு தள்ளுபடி முன்மொழிவோடும் அதை இணைத்து மேலே அனுப்பினேன். எங்கள் அலுவலகத்துக்கு அந்த விதி பொருந்தாது என்று சில திரும்பி வந்தன, சில ஏற்கப்பட்டன.

ஊர்ப்புற நூலகர் ஒருவர், கணவரை இழந்தவர், இந்தப் பேச்சையெல்லாம் நம்பி முதலில் பீரோவைக் காலி செய்தவர் அவர்தான். அடுத்த இருப்பெடுப்பில் பதினெட்டுப் புத்தகம் குறைந்தது. தொகுப்பூதியம் மாதிரியான சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் ஆரம்பமானது. "பரவாயில்லைங்க சார், இப்பத்தான் பசங்க நிறைய வர்றாங்க" என்றார். எனக்கு அன்று இரவு தூக்கமில்லை. அவருடைய கோப்புக்காக மட்டும் நான்கு தடவை சென்னைக்குப் போனேன்.

நான் ஓய்வு பெற்றுச் சில வாரங்கள் கழித்துத் தள்ளுபடி உத்தரவு வந்தது, பிடித்தம் நின்றது. அதற்கு முன் பிடித்த ஏழு மாதத் தொகை இன்னும் அவருக்குத் திரும்ப வரவில்லை. போன திங்கள்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார், மூன்றாவது நினைவூட்டுக் கடிதத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.