பகல் பதினொரு மணிக்கு யார் வருவார்கள்?

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து, நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் கிராமத்துப் பக்கம் வீடு பார்த்துப் போகிற நம்மவர்கள் இப்போது நிறைய. நாங்களும் அப்படித்தான் ஸ்டுட்கார்ட்டை விட்டு, நெக்கார் ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊருக்குக் குடிவந்தோம். வந்த புதிதில் இன்டர்நெட் கனெக்‌ஷன், மகளுக்குக் கிண்டர்கார்டன், எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்றெல்லாம் விசாரித்தோம். வீடு தீப்பிடித்தால் யார் வருவார்கள் என்று விசாரிக்கத் தோன்றவே இல்லை. அதற்கு அரசாங்கத்தில் ஆள் இருப்பார்கள் என்றுதானே நாம் வளர்ந்திருக்கிறோம்.

இங்கே வருவது பக்கத்து வீட்டுக்காரர். சம்பளம் வாங்கும் தீயணைப்புப் படை, எங்கள் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்குத்தான் கட்டாயம். மற்ற ஊர்களில் தச்சர், ஆசிரியை, பேக்கரிக்காரர், பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் என்று தன்னார்வலர்கள்தான் எல்லாம். நாடு முழுக்க இப்படிச் சுமார் பத்து லட்சம் பேர். 112-க்கு போன் அடித்தால் அவர்கள் இடுப்பில் இருக்கும் பேஜர் அலறும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடுவார்கள்.

இதில் எங்கள் வட்டாரத்துக்குப் பழைய உரிமை உண்டு. கார்ல்ஸ்ரூவை ஒட்டிய டுர்லாக் ஊரில் 1846-லேயே ஒரு தன்னார்வப் படை பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. மறு வருடம் பிப்ரவரி 28-ஆம் தேதி கார்ல்ஸ்ரூ நாடகக் கொட்டகை எரிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இரவில் அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீ பரவாமல் நிறுத்தியது டுர்லாக் ஆட்கள். அந்தப் பெயர் பரவித்தான் ஊருக்கு ஊர் படைகள் எழும்பின. 1853-ல் உல்ம் நகரத்துக் கொன்ராட் டீட்ரிஷ் மாகிருஸ் அவற்றில் சிலவற்றின் ஆட்களை ஒன்றாகக் கூட்டியது எங்களுக்கு அருகிலுள்ள ப்ளோகிங்கனில். ஜெர்மன் தீயணைப்புச் சங்கத்தின் தொடக்கமாக இன்றைக்கும் அந்த ஆண்டைத்தான் சொல்கிறார்கள்.

நானும் எங்கள் ஊர்ப் படையில் சேர்ந்ததை அம்மாவிடம் போனில் சொன்னபோது, “ஏண்டி, அவ்வளவு பெரிய தேசத்துல இதுக்கு கவர்ன்மென்ட் ஆள் போடாதா? நீ ஏன் போகணும்?” என்றார். வண்டி, நிலையம், உடுப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் ஊராட்சி கொடுக்கிறது, சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும், ஆட்கள் மட்டும் நாங்கள் என்று விளக்கினேன். அப்புறம், “கும்பகோணத்தை நெனச்சுதான் சேர்ந்தேம்மா” என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் 2004 ஜூலை 16-ஐ விளக்க வேண்டியதில்லை. பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. தீ என்றால் முதல் சில நிமிடங்கள்தான் எல்லாம் என்பது அன்றிலிருந்து என் மனதில் தங்கிவிட்டது.

அந்த நிமிடங்களை இங்கே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அலாரம் அடித்துப் பத்து நிமிடத்துக்குள் முதல் வண்டி வாசலில் நிற்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அது சிரமமே இல்லை. எல்லாரும் வீட்டில்தான் இருப்பார்கள், வண்டியில் இருக்கிற இடத்தைவிட வருகிற ஆள் அதிகம். பகல் பதினொரு மணிதான் கண்டம். பாதிப் பேர் கார் கம்பெனிகளிலும் அதற்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைகளிலும் இருப்பார்கள், இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி. சட்டப்படி முதலாளி அவர்களை விட்டாக வேண்டும், அந்த நேரச் சம்பளத்தையும் கொடுத்தாக வேண்டும், தனியார் கம்பெனிக்கு ஊராட்சி அதைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் சட்டம் யாரையும் பத்து நிமிடத்தில் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்காது. அதனால் பகலில் அலாரம் என்றால் பக்கத்து ஊர்ப் படையையும் சேர்த்தே கூப்பிடுகிறார்கள். இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை, நாடு முழுக்க இதே பேச்சுதான்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் வருகிறார்கள். வாரத்தில் மூன்று நாலு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் ஆட்கள், நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், பகல் முழுக்க. நான் டெஸ்டிங் பார்ப்பவள். என்னிடம் இருக்கும் பெரிய தகுதியாக எங்கள் கமாண்டன்ட் முதல் நாளே சொன்னது அதைத்தான்: “நீ பகலில் ஊரில் இருக்கிறாய்.” குடியுரிமை கேட்கவில்லை, எங்கள் மாநிலச் சட்டத்தில் அதற்குத் தேவை இல்லை. உடல்நலம், ஓரளவு ஜெர்மன், தவறாமல் பயிற்சிக்கு வரும் மனசு, இவ்வளவுதான் பார்த்தார்கள்.

பெண் என்பது ஒரு பேச்சாகவே வரவில்லை. ஆனால் வரலாற்றைப் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். இந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் ஆண்கள் தீயணைப்பில் சேர வேண்டும், இல்லாவிட்டால் வரி கட்ட வேண்டும் என்று இருந்தது. பெண்களுக்குக் கடமையும் இல்லை, வரியும் இல்லை. டெட்னாங் ஊர்க்காரர் ஒருவர் வழக்குப் போட்டு, 1994-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதைப் பாலினப் பாகுபாடு என்று தீர்த்தது. மறு வருடம் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றமும் அந்த வரியை ரத்து செய்தது. ஆளே சேராத ஊர்களில் மேயர் கட்டாயப்படுத்தி ஆள் எடுக்கும் அதிகாரம் இன்னும் இருக்கிறது. வடக்கே ஸில்ட் தீவின் லிஸ்ட் ஊரில் அப்படியும் நடந்திருக்கிறது.

அடிப்படைப் பயிற்சி 70 மணி நேரம். அதன் பிறகு வயர்லெஸ்ஸுக்கு 16, மூச்சுக்கருவிக்கு 25. சாயங்காலங்களிலும் சனிக்கிழமைகளிலும் நடக்கும். இந்த வட்டாரத்து ஸ்வேபியன் பேச்சுவழக்கு முதலில் ஒன்றும் பிடிபடாது, ஆனால் கட்டளைகள் எல்லாம் குட்டி வாக்கியங்கள், எப்போதும் அதே வரிசை, அதே சொற்கள். புகைக்குள் யாரும் யோசிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆபீஸில் வருடக்கணக்கில் வராத ஜெர்மன் எனக்கு அங்கேதான் வாயில் வந்தது.

ஜெர்மனியில் இருப்பவர்கள் தெருவில் ஒரு சிறு பலகையைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பலகை, சிவப்பு விளிம்பு, எச் என்ற எழுத்து, பக்கத்தில் 100 அல்லது 150. நானும் வருடக்கணக்கில் அதைத் தாண்டி நடந்திருக்கிறேன். அந்த 100, மண்ணுக்கடியில் போகும் குடிநீர்க் குழாயின் விட்டம், மில்லிமீட்டரில். அடியில் உள்ள எண்கள் வழி சொல்லும்: பலகையைப் பார்த்து நின்று இடமோ வலமோ இத்தனை மீட்டர், பிறகு பலகையை விட்டு விலகி இத்தனை மீட்டர். போய்ப் பார்த்தால் ரோட்டில் நீள்வட்டமாக ஒரு இரும்பு மூடி, அதன் கீழேதான் தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் ஹைட்ரண்ட். பனி மூடிய ராத்திரியிலும் அந்த எண்களை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மூடியைச் சாவியால் நெம்பி எடுத்து, உள்ளே வாயில் அடைந்திருக்கும் மண்ணைத் துடைத்து, நிற்குழாயைப் பொருத்தி இறுக்கித் திருக வேண்டும். தண்ணீரைத் திறந்ததும் ஹோஸை மாட்டிவிடக் கூடாது. முதலில் துருவும் சேறுமாக வரும், தெளியும்வரை தரையில் ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கல்லும் மண்ணும் பம்புக்குள் போய்விடும்.

ஹோஸ்களை மாட்டும் கப்ளிங் எனக்கு மிகவும் பிடித்த சாமான். ஸ்டோர்ட்ஸ் என்ற பொறியாளர் 1882-ல் கண்டுபிடித்தது. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும், திருகாணி கிடையாது. எந்த முனையை எந்த முனையோடு வைத்தாலும் ஒரு திருப்பில் பூட்டிக்கொள்ளும். இருட்டில், கையுறையோடு, அவசரத்தில் வேலை செய்பவனை மனதில் வைத்துச் செய்த பொருள் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சமையலறையில் தீ, வீட்டில் ஆள் இருக்கலாம் என்று அலாரம். மீட்டிங்கில் ஒரு வரி தட்டிவிட்டு ஓடினேன். ஒன்பது பேர் உட்காரும் வண்டியில் ஆறு பேர் கிளம்பினோம். ஆறு என்பது உள்ளே போவதற்கான குறைந்தபட்சக் கணக்கு: ஒரு தலைவர், பம்பைப் பார்க்கும் டிரைவர், உள்ளே போகும் இருவர், வெளியே தயாராக நிற்கும் இருவர். நான் அந்த வெளி ஜோடியில் ஒருத்தி. ஹைட்ரண்டைத் திறந்து தண்ணீர் கொடுத்ததும், பின்னலை ஹூடுக்குள் அடக்கி, மாஸ்க்கின் ரப்பர் விளிம்பில் ஒரு முடிகூடப் படாதபடி மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு ஏதாவது ஆனால் எடுத்து வருவது நாங்கள். தாடி வைத்தவர்களுக்கு மூச்சுக்கருவி கிடையாது என்பதும் இந்த விளிம்புக்காகத்தான்.

முதுகில் இருக்கும் சிலிண்டரில் காற்று சுமார் 1,800 லிட்டர். கடும் வேலையில் அரை மணி நேரம் தாங்கினால் பெரிது. போவதற்கு ஒரு பங்கு செலவானால், திரும்பி வர இரண்டு பங்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. வெளியே ஒருவர் நேரத்தையும் அழுத்தத்தையும் பலகையில் எழுதியபடி வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டே இருப்பார். அன்று வீட்டில் யாரும் இல்லை. அடுப்பும் மேலே இருந்த அலமாரியும் எரிந்ததோடு தீ நின்றது. பக்கத்து ஊர் வண்டி வந்தபோது ஜன்னலைத் திறந்து புகையை வெளியேற்றிக்கொண்டிருந்தோம்.

ஆனால் அலாரங்களில் தீ குறைவு. ரோட்டில் கொட்டிய எண்ணெய், காற்றில் விழுந்த மரம், பூட்டிய வீட்டுக்குள் விழுந்து கிடக்கும் முதியவர், இவைதான் அதிகம். அதைவிட அதிகம், திரும்பி வந்த பிறகு உள்ள வேலை. ஹோஸ்களைக் கழுவி, அழுத்தம் சோதித்து, உயரக் கோபுரத்தில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். மாஸ்க்குகளைப் பிரித்துக் கிருமி நீக்க வேண்டும். புகை படிந்த உடுப்பை அங்கேயே கழற்றிப் பையில் கட்ட வேண்டும், அதோடு வண்டிக்குள் ஏறக் கூடாது. 2022-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. கரி படிந்த சட்டையை வீரத்தின் அடையாளமாகப் பார்த்த காலம் போய்விட்டது, போனது நல்லது. நான் விரும்பிச் செய்வதும் இந்த வேலையைத்தான். டெஸ்டிங் ஆட்களுக்கு இது கைவந்த கலை: செக்லிஸ்ட், தேதி, கையெழுத்து.

காசு விஷயம் சுருக்கமாக. வண்டி பல லட்சம் யூரோ. ஊராட்சி வாங்குகிறது, மாநிலம் மானியம் தருகிறது. நாம் கட்டும் தீ இன்சூரன்ஸ் பிரீமியத்தில் ஒரு வரி இருக்கிறது, அது மாநிலங்களுக்குத்தான் போகிறது. கோடையில் நடத்தும் திருவிழாவில் சாசேஜும் பீரும் விற்று வருகிற பணம், படையின் உள்செலவுக்கும் பிள்ளைகள் பிரிவுக்கும். என் மகள் அந்தப் பிரிவில் இருக்கிறாள்.

இப்போது எங்கள் பழைய வண்டியை மாற்ற வேண்டும். கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. பழையபடி ஒன்பது பேர் வண்டியா, ஆறு பேர் செல்லும் நடுத்தர வண்டியா என்று சாமான் கமிட்டியில் பெரிய விவாதம். பெரிய வண்டியில் தண்ணீர் அதிகம், இடம் அதிகம். மூத்தவர்களுக்கு அதை விட மனசில்லை. நான் ஆறு பேர் வண்டிக்காகப் பேசினேன். பகலில் வருவது ஆறு பேர் என்றால், அந்த ஆறு பேரும் கையெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் எடுக்கும்படி வண்டி இருக்க வேண்டும். எடை குறைந்தால் ஓட்டுவதற்கும் ஆள் சுலபமாகக் கிடைப்பார்கள். சாதாரண கார் லைசென்ஸில் மூன்றரை டன் வரைதான் ஓட்டலாம், தீயணைப்புக்காரர்களுக்கென்று உள்ள தனி அனுமதியிலும் ஏழரை டன்னோடு சரி. அதற்கு மேல் லாரி லைசென்ஸ் வேண்டும். கடைசியில் ஆறு பேர் வண்டிதான் முடிவானது. தண்ணீர்த் தொட்டியை மட்டும் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறோம், அதனால் எடை ஏழரை டன்னைத் தாண்டுகிறது. ஆகவே ஊராட்சிச் செலவில் நானும் இன்னொருவரும் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

டெண்டர் விட்டு வண்டி கைக்கு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பகல் ஆட்கள் இன்னும் இரண்டு பேராவது சேர வேண்டும். மேலத்தெருவில் கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு குடும்பம் வந்திருக்கிறார்கள், கணவன் மனைவி இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு வந்து சும்மா பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.