தலையணைக் கடை இல்லாத சீனா

"மறுபடியும் சீனாவா? அந்தத் தலையணைக் கடைக்கா?"

சாப்பாட்டு மேசையில் நான் பேச்சை எடுத்ததுமே மூத்தவன் கேட்டது இதுதான். அவனைக் குறை சொல்ல முடியாது. 2018-இல் ஒரு சுற்றுலாக் குழுவோடு பெய்ஜிங் போனோம். விலை மலிவு, எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிப் பணம் கட்டினோம். முதல் நாள் பட்டுக் கடை, அடுத்த நாள் ஜேட் கடை, அதற்கடுத்த நாள் லேட்டக்ஸ் தலையணைக் கடை. ஆனானப்பட்ட அரண்மனையை ஒன்றரை மணி நேரத்தில் ஓட்டிக் காட்டினார்கள். தலையணைக் கடையிலோ கதவைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் சொற்பொழிவு. அப்போது மூத்தவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஆறு. இரண்டு பேருக்கும் சீனா என்றால் இன்றைக்கும் அந்தக் கடை மெத்தையில் குதித்துத் திட்டு வாங்கியதுதான் நினைவு. அங்கே வாங்கிய தலையணை இன்னும் என் கட்டிலில்தான் இருக்கிறது. நல்ல தலையணை. அதைப் பிள்ளைகளிடம் ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது அவன் உயர்நிலை மூன்று, அவள் உயர்நிலை ஒன்று. எனக்கு மருந்தகத்தில் நவம்பர் கடைசியில் கிடைத்த விடுப்போடு சனி ஞாயிறைச் சேர்த்தால் ஆறு நாள். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 2024 பிப்ரவரி 9 முதல் முப்பது நாள்வரை விசா வேண்டாம் என்பதால் அந்த அலைச்சல் இல்லை. அக்டோபர் முதல் வாரத்தைத் தவிர்த்தால் போதும். அது அவர்களுடைய தேசிய தின விடுமுறை, ஊரே கிளம்பிப் பயணம் போகும்.

வழக்கம்போல நான் எக்செல்லில் ஓர் அட்டவணை போட்டேன். பெய்ஜிங், ஷியான், ஷாங்ஹாய், ஆறு நாளில் மூன்று ஊர். மூத்தவன் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல தூங்குறது எப்போ?" என்றான். அப்புறம் அவனே கணக்குப் போட்டுக் காட்டினான். பெய்ஜிங்கிலிருந்து ஷாங்ஹாய் 1,318 கிலோமீட்டர். மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலிலேயே நாலரை மணி நேரம். ஹோட்டலைக் காலி செய்வது, நிலையத்தில் பைச் சோதனை, அடுத்த ஹோட்டலில் நாலு பாஸ்போர்ட்டையும் கொடுத்துப் பதிவு செய்வது எல்லாம் சேர்த்தால் முக்கால் நாள் போச்சு. அட்டவணையை அழித்தேன். கொஞ்சம் வருத்தம்தான், கலர் எல்லாம் அடித்து வைத்திருந்தேன்.

பிறகு ஓர் ஒப்பந்தம் போட்டோம். ஆளுக்கு ஓர் ஆசை சொல்லலாம். அதை யாரும் வெட்டக்கூடாது, மற்ற மூவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் கூட வர வேண்டும். காலை ஏழு மணிக்கு முன்னால் எழுப்புவது ஆறு நாளில் ஒரே ஒரு முறை. கடைசி விதி பிள்ளைகள் சேர்த்தது.

மூத்தவனின் ஆசை சோங்சிங். கட்டடத்துக்குள்ளே ரயில் புகுந்து போகும் அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சின்னவளுக்கு பாண்டா. என் கணவருக்கு, "எங்கேயாவது ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து டீ குடிக்கணும், யாரும் என்னைக் கூப்பிடக்கூடாது." எனக்கு ஓர் அருங்காட்சியகம். நாலையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாமே செங்டு, சோங்சிங் என்ற இரண்டு ஊருக்குள் அடங்கிவிட்டன. ஊரை நாங்கள் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்வதைவிட, ஆசைகள் தேர்ந்தெடுத்தன என்பதே சரி. செங்டுவில் இறங்கி சோங்சிங்கிலிருந்து திரும்புகிறோம், வந்த வழியே போக வேண்டியதில்லை. போகவும் வரவும் தலா ஐந்து மணி நேர விமானம், நேர வித்தியாசமும் கிடையாது.

பாண்டா விஷயத்தில் சின்னவளுக்குச் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. இங்குள்ள ரிவர் வொண்டர்ஸ் விலங்குப் பூங்காவில் 2021 ஆகஸ்டில் பிறந்த லே லே என்ற பாண்டாக்குட்டியைப் பார்க்க எத்தனை முறை எங்களை இழுத்துக்கொண்டு போயிருப்பாள்! 2024 ஜனவரியில் அவனைச் சீனாவுக்கு அனுப்பியபோது ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "அவனைப் பார்ப்போமா?" என்று கேட்டாள். சீனாவில் பாண்டா காப்பகம் ஒன்றல்ல, பல என்று சொல்லிவைத்திருக்கிறேன். செங்டு காப்பகம் காலை ஏழரைக்குத் திறக்கும். பாண்டாக்கள் காலையில்தான் மூங்கில் தின்றுகொண்டு நடமாடும், வயிறு நிறைந்ததும் தூக்கம்தான். (என் வீட்டிலும் ஒன்று அப்படி இருக்கிறது, வயது பதினைந்து.) ஆக, அந்த ஒரே ஒரு அதிகாலை பாண்டாவுக்குப் போய்விட்டது.

அன்றைக்கே மதியத்துக்கு மேல் மக்கள் பூங்காவில் தேநீர்க் கடை. மூடியிட்ட கிண்ணத்தில் தேநீரை ஊற்றிக்கொடுத்துவிட்டு, சுடுநீரை நிரப்பிக்கொண்டே இருப்பார்களாம். எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். பக்கத்திலேயே நீளக் கம்பிகளோடு காது குடைந்துவிடுபவர்களும் வருவார்கள். அதைக் கேட்டதும் கணவர் முகத்தில் வந்த பிரகாசத்தை எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

என் ஆசை சான்சிங்துய் அருங்காட்சியகம். செங்டுவிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். 1986-இல் இரண்டு குழிகளிலிருந்து வெளியே வந்த வெண்கல முகங்கள், மூவாயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. கண்கள் உருளை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், காது விரிந்து நிற்கும். எழுத்து எதுவும் கிடைக்காததால் அந்த மனிதர்கள் தங்களை என்ன பெயர் சொல்லி அழைத்துக்கொண்டார்கள் என்பதுகூடத் தெரியாது. புதுக் கட்டடம் 2023-இல் திறந்தார்கள். மூத்தவன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது கேம்ல வர்ற பாஸ் மாதிரி இருக்கே" என்றான். அவன் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அது. எனக்குப் போதும்.

சோங்சிங்கை அவனிடமே முழுசாக விட்டுவிட்டேன். அந்தக் காணொளியில் வரும் லிஸிபா ரயில் நிலையத்தைப் பற்றி ஒரு வாரமாக வகுப்பு நடக்கிறது வீட்டில். பத்தொன்பது மாடிக் கட்டடம், ஆறாவது மாடியிலிருந்து எட்டாவது வரை நிலையம். கட்டடத்தை ஓட்டை போட்டு ரயில் விடவில்லையாம், இரண்டையும் சேர்த்தேதான் திட்டமிட்டுக் கட்டினார்களாம். நிலையத்தின் தூண்கள் தனி, வீடுகளின் தூண்கள் தனி, அதனால் மேல்மாடிக்காரர்களுக்கு ஆட்டம் தெரியாது. பிறகு ராஃபிள்ஸ் சிட்டி. யாங்சியும் ஜியாலிங்கும் சேரும் முனையில், நாலு கோபுரங்களின் தலைமேல் படுக்கவைத்த மாதிரி முன்னூறு மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம். பார்த்த மாதிரி இருக்கிறதே என்றால், நம் மரினா பே சாண்ட்ஸை வரைந்த அதே கட்டடக் கலைஞர் மொஷே சாஃப்டிதான்.

ஹோட்டல் தேடும்போது நான் ஓர் இடத்தைக் காட்டி, "நிலையத்துக்கு இருநூறு மீட்டர்தான்" என்றேன். "அம்மா, அது பக்கவாட்டுல. மேல எத்தனை மாடி ஏறணும்னு பார்த்தியா?" மலை மேல் அடுக்கிய ஊர் அது. ஒரு பக்கம் தரைத்தளமாக நுழைந்தால் மறுபக்கம் இருபத்திரண்டாவது மாடியில் நிற்கும் கட்டடமெல்லாம் உண்டு. வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதை நம்பிப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் முழங்கால் போய்விடும். விமர்சனங்களில் "படி" என்ற சொல்லைத் தேடித் தேடிப் படித்தான். கடைசியில் ஜியேஃபாங்பெய் என்ற நகர மையப் பகுதியில், லிஃப்ட் தெருவிலேயே திறக்கும் ஹோட்டலாகப் பார்த்து எடுத்தோம். இரண்டு அறை, ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று. குறட்டை யார் பங்குக்கு வந்தது என்பது மூத்தவன் பிரச்சினை.

ரயிலிலும் அவன்தான் என்னைக் காப்பாற்றினான். சோங்சிங் என்று பெயர் பார்த்து டிக்கெட் போடப் போனேன். அந்த ஊரில் வடக்கு, மேற்கு, கிழக்கு என்று பெரிய நிலையங்களே பல. ஷாபிங்பா என்ற நிலையத்தில் இறங்கினால் அதற்கு அடியிலேயே மெட்ரோ ஒன்றாம் தடம், நேரே நம் ஹோட்டல் பக்கம். செங்டுவிலிருந்து வேகமான ரயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். டிக்கெட் பதினைந்து நாளுக்கு முன்னால்தான் திறக்கும். பதினான்கு வயது ஆகாதவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்றதும் சின்னவள் அண்ணனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சேமிப்பு பதினைந்து சிங்கப்பூர் வெள்ளிகூடத் தேறாது.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. எங்கள் பாஸ்போர்ட்டில் பெயருக்கு நடுவே அந்த சாய்கோடு உண்டு, இன்னார் மகன், இன்னார் மகள் என்று. முன்பதிவுச் செயலியில் அதைத் தட்டியதும் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. கோட்டை எடுத்தேன், இடம் விட்டேன், மூன்று முறை சிவப்பு. கடைசியில் பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்குமே, அதில் கோடு இல்லாமல் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே அடித்தேன், ஏற்றுக்கொண்டது. அங்கே பாஸ்போர்ட்தான் டிக்கெட். அதனால் எல்லா முன்பதிவிலும் ஒரே எழுத்தில் பெயர் இருக்கட்டும்.

கைப்பேசி இல்லாமல் அங்கே தண்ணீர்ப் போத்தல்கூட வாங்குவது சிரமம் என்பதால் அலிபே என்ற கட்டணச் செயலியில் என் கார்டையும், அதேபோன்ற வீசாட்டில் கணவர் கார்டையும் இங்கேயே இணைத்துவிட்டோம். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பி, முகத்தைக் காட்டி, ஒரு ராத்திரி வேலை. இருநூறு யுவானுக்குள் என்றால் கூடுதல் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் மூன்று விழுக்காடு. பிள்ளைகள் கையில் தலைக்கு முன்னூறு யுவான் சில்லறை நோட்டாகக் கொடுக்கப்போகிறேன், தொலைந்துபோனால் டாக்சிக்கு. "இந்தக் காலத்துல காசா?" என்று இருவரும் அருங்காட்சியகப் பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யூடியூப் எதுவும் வராது, நம் ஊர் சிம்மின் ரோமிங்கில் வரும். இதை நான் சொல்வதற்கு முன்பே இருவருக்கும் தெரிந்திருந்தது.

சாப்பாடுதான் நான் ஏமாற இருந்த இடம். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி இல்லை. ஹாட்பாட் என்பது மேசையில் கொதிக்கும் குழம்புச் சட்டி, அதில் எதை முக்குவது என்பது நம் கையில்தானே, மாட்டை விட்டுவிட்டு மற்றதைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கி, "அந்தக் குழம்பே மாட்டுக் கொழுப்புதான், தெரியுமா?" என்றார்.

தெரியாது. சோங்சிங் ஹாட்பாட்டின் அந்தச் சிவப்பு, மிளகாயையும் ஹுவாஜியாவ் என்ற சிச்சுவான் மிளகையும் மாட்டுக் கொழுப்பில் வதக்கி எடுத்தது. கட்டியாக உறையவைத்துச் செங்கல் மாதிரி விற்பார்கள், சட்டியில் போட்டதும் உருகிப் பரவும். எதை முக்கினாலும் அதில்தான் முங்கி எழும். தாவர எண்ணெயில் செய்ததும் உண்டு, அதற்கு "ச்சிங் யோ" என்று தனியாகக் கேட்க வேண்டும். செங்டு பக்கம் அது சுலபமாகக் கிடைக்கும். நடுவில் தடுப்பு வைத்த சட்டியில் வெள்ளைப் பக்கம் சைவம் என்று நினைத்தால் அதுவும் பெரும்பாலும் எலும்புச் சாறு, காளான் சாறு என்று கேட்டு வாங்க வேண்டும். மாபோ டோஃபுவில் பொடியாகத் தெரிவது மாட்டுக் கொத்துக்கறி. டோஃபு என்றாலே சைவம் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன்! கணவருக்குச் சனிக்கிழமை சைவம் என்பதால் அன்றைக்கு செங்டுவின் வென்ஷு புத்த மடத்துச் சைவ உணவகம் என்று முடிவாகிவிட்டது, அங்கே கேள்வியே கேட்க வேண்டாம்.

மறுநாள் சாயங்காலம் ஆன்ட்டியே கதவைத் தட்டினார். கையில் ஓர் அட்டை, நாலு வரி சீனத்தில், அந்தக் காலத்துப் பள்ளிக்கூட எழுத்து, கட்டம் கட்டமாக. மாட்டிறைச்சி வேண்டாம், மாட்டுக் கொழுப்பு வேண்டாம், தாவர எண்ணெய்ச் சட்டி தாருங்கள், இவர் இன்று சைவம். சின்னவள் அதைப் படம் எடுத்து நாலு பேர் கைப்பேசிக்கும் அனுப்பினாள். பிறகு சொல்லிப்பார்க்க ஆரம்பித்தாள். "பூ யாவ் நியூ யோ." ஆன்ட்டி தலையை ஆட்டி, கடைசி இரண்டு சொல்லிலும் குரல் மேலே ஏற வேண்டும் என்று கையைத் தூக்கிக் காட்டினார். வாசலில் நின்றபடியே பத்து முறை சொல்லவைத்தார். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

போகும்போது அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பின்பக்கம் ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. அதை உணவகத்தில் காட்டக்கூடாதாம், கடையில் காட்ட வேண்டுமாம். ஹுவாஜியாவ், நல்ல சிவப்பு, அரைக் கிலோ, ஆன்ட்டிக்கு.