எந்த எண்ணில் நிறுத்துவது?

பகா எண் என்றால் என்ன என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்கள். ஒன்றாலும் அதே எண்ணாலும் மட்டும் வகுபடுகிற எண். சரி, 97 பகா எண்ணா? உடனே 2, 3, 4, 5, 6 என்று வரிசையாக வகுக்க ஆரம்பிப்பார்கள். பாதி வரை பார்த்தால் போதும் என்று எங்கோ கேட்டிருப்பதால் 48 வரைக்கும் போகத் தயாராக இருப்பார்கள். மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிற எனக்கு, இந்தப் பாடத்திலேயே முக்கியமான இடம் இதுதான் என்று படுகிறது. வகுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே நிறுத்தலாம், ஏன் அங்கே நிறுத்தலாம் என்பதும் தெரிய வேண்டும்.

இதற்கு நான் புளியங்கொட்டையை எடுப்பேன். 36 கொட்டைகளைக் கொடுத்து, ஒன்றுகூட மிஞ்சாமல் செவ்வகமாக அடுக்கச் சொல்வேன். 1×36, 2×18, 3×12, 4×9, 6×6 என்று அடுக்குவார்கள். அப்புறம் யாராவது 9 வரிசை வைப்பார்கள். பக்கத்திலிருக்கும் பிள்ளை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது 4×9 தானே!" என்று சொல்லும். அந்தச் சத்தத்துக்காகவே நான் காத்திருப்பேன். காரணிகள் ஜோடி ஜோடியாகத்தான் வருகின்றன. ஜோடியில் இரண்டுமே 6-ஐத் தாண்டினால் பெருக்கற்பலன் 36-ஐத் தாண்டிவிடும். ஆகவே சின்னது எப்போதும் 6-க்குள் அடங்கியாக வேண்டும். (6 தனக்குத் தானே ஜோடி. அதனால்தான் 36-க்கு 9 காரணிகள். வர்க்க எண்களுக்கு மட்டும்தான் காரணிகள் ஒற்றைப்படையில் வரும்.)

இது பிடிபட்டதும் 97-ஐ மறுபடி எடுப்போம். 10×10 என்றாலே 100 ஆகிவிடுகிறது. எனவே 97-க்குக் காரணி ஜோடி இருந்தால் சின்னது 10-க்குக் கீழே இருக்கும். 2-ஆல் வகுபடாதது 4, 6, 8 எதனாலும் வகுபடாது. 3-ஆல் வகுபடாதது 9-ஆலும் வகுபடாது. மிச்சம் 2, 3, 5, 7 என்று நான்கே வகுத்தல்கள். நான்கிலும் மீதி வருகிறது, 97 பகா எண்.

கொஞ்சம் பெரிய எண்களுக்கு நான் வருடங்களை எடுத்துக்கொள்வேன். 45×45 = 2025. ஆகவே 2021-க்கு 43 வரையுள்ள 14 பகா எண்களைச் சோதிக்க வேண்டும். 2 முதல் 41 வரை எதுவும் வகுக்காது. கடைசியாக 43 வகுத்துவிடும், 2021 = 43×47. சலித்துப்போய் 41-இல் நிறுத்தினால் விடை தப்பு. 2027-க்கும் அதே 14 எண்கள்தான். அதை ஒன்றுமே வகுக்காது, பகா எண்.

மடங்குகளிலும் இதே விஷயம்தான் வருகிறது. எரடோஸ்தனிஸ் சல்லடை என்பது மடங்குகளை அடித்துக்கொண்டே போய்ப் பகா எண்களை மட்டும் மிச்சம் வைக்கும் முறை. அதற்கு 1 முதல் 100 வரை எழுதி, 1-ஐ நீக்கிவிட்டு, 2, 3, 5 ஆகியவற்றை வைத்துக்கொண்டு அவற்றின் மற்ற மடங்குகளை அடித்தபின் 7-க்கு வாருங்கள். 14, 21, 28, 35, 42 எல்லாம் ஏற்கெனவே போயிருக்கும். 7 புதிதாக அடிக்கிற எண்கள் மூன்றே மூன்று: 49, 77, 91. பிள்ளைகள் 91-ஐப் பகா எண் என்று அடிக்கடி எழுதுவதன் காரணம் இங்கே தெரிகிறது. அது இரட்டையில்லை, 5-இல் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 10, அதனால் 3-உம் இல்லை. 7×13 என்று 7-ஆம் வாய்ப்பாட்டைப் பத்துக்கு மேல் சொல்லிப் பழகியவர்களுக்குத்தான் அது உடனே கண்ணில் படும். அடுத்து வரும் 11-க்கு வேலையே இல்லை, 11×11 = 121. மிஞ்சுகிற 25 எண்களும் பகா எண்கள்.

நூறு இலக்க எண் ஒன்றுக்கு இந்த முறை உதவாது. வர்க்கமூலம் வரை போவதென்றாலே ஐம்பது இலக்க எண்கள் வரை வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக் முடித்திருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் வேறு ஒரு வழியைத் தந்தார்கள். நிரூபிக்கப்படாத எந்த ஊகத்தையும் நம்பாமல், எந்த எண்ணுக்கும் பகா எண்ணா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்லும் முறை அது. இலக்கங்கள் கூடினாலும் வேலை கட்டுக்கடங்காமல் பெருகாது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆனால் அந்த முறை "இது பகு எண்" என்று சொல்லிவிட்டு, காரணிகள் எவை என்று சொல்லாமலே இருக்கலாம். பெரிய எண்ணின் காரணிகளைச் சாதாரணக் கணினியில் வேகமாகக் கண்டுபிடிக்கும் வழி இன்னும் யாருக்கும் தெரியாது. 43-ஐயும் 47-ஐயும் பெருக்க ஒரே பெருக்கல் போதும். 2021-ஐக் கொடுத்து உடைக்கச் சொன்னால் 14 வகுத்தல். இலக்கங்கள் நூற்றுக்கணக்கில் போகும்போது இந்த இடைவெளி மலைக்க வைக்கும் அளவுக்கு விரிகிறது. இணையத்தில் ரகசியம் காக்கப் பயன்படும் ஆர்எஸ்ஏ முறை அதை நம்பித்தான் இருக்கிறது.