ஸ்மியருக்கு வயசு பத்தல, ஊசிக்கு இருக்கு

எங்க வீட்டுல மாடி ரூம்ல இருக்கற பொண்ணு, மாஸ்டர்ஸ் படிக்க சென்னைல இருந்து லண்டன் வந்தவ, 23 வயசு. செக்ஸுவல் ஹெல்த் கிளினிக்குக்கு போனவ ஸ்மியர் டெஸ்ட்டும் (கர்ப்பப்பை வாய் கேன்சர் வராம முன்கூட்டியே பாக்கற டெஸ்ட்) எடுத்துடுங்கன்னு கேட்டிருக்கா, 25 ஆகட்டும்னு அனுப்பிட்டாங்க. "அக்கா, ஸ்டூடண்ட் விசாங்கறதாலயா?"ன்னு மூஞ்சிய தொங்கப் போட்டுட்டு வந்து நின்னா.

விசாவும் இல்ல ஒண்ணும் இல்ல, இங்க பொறந்த பொண்ணா இருந்தாலும் அதே பதில்தான். இங்கிலாந்துல முன்னாடி 20 வயசுலயே கூப்பிட்டுட்டு இருந்தாங்க, 2003ல முடிவு பண்ணி 25க்கு தள்ளிட்டாங்க. ஜேட் கூடி ஞாபகம் இருக்கா, இங்க டிவி ரியாலிட்டி ஷோல ஷில்பா ஷெட்டி கூட சண்டை போட்டவங்க, அப்புறம் நம்ம ஊர் ஹிந்தி பிக் பாஸ் வீட்டுக்குள்ள இருக்கும்போதே கர்ப்பப்பை வாய் கேன்சர்னு சேதி வந்துச்சே, அவங்க 2009ல 27 வயசுல போனப்ப வயச குறைங்கன்னு பெரிய சத்தம், நிபுணர் குழு உக்காந்து பார்த்துட்டு 25தான்னு சொல்லிடுச்சு. காரணம் இருக்கு. இருபதுகள்ல இந்த கேன்சருக்கு காரணமான எச்பிவி வைரஸ் சளி மாதிரி வந்து போகும், முக்காவாசி பேருக்கு ரெண்டு வருஷத்துல உடம்பே விரட்டிடும், அதுக்குள்ள டெஸ்ட் எடுத்து கர்ப்பப்பை வாயில கொஞ்சம் வெட்டி எடுத்தா பின்னாடி குறைப்பிரசவம் ஆகற வாய்ப்பு கூடும். எனக்கு அந்த முடிவு சரின்னுதான் படுது, ஆனா கவுண்டர்ல இத ரெண்டு வரில சொன்னா என்ன குறைஞ்சு போயிடுவாங்க?

இன்னொரு குழப்பம், கிளினிக்ல ஸ்வாப் எடுத்தாச்சு அதனால ஸ்மியரும் முடிஞ்சுதுன்னு நினைக்கறது. அது கிளமிடியா, கொனோரியாவுக்கு, பாத்ரூம்ல நாமளே எடுத்து குடுக்கறோமே அது. ஸ்மியர் வேற.

யாரும் அவளுக்கு சொல்லாத விஷயம் என்னன்னா ஊசி. ஊர்ல ஸ்கூல்ல எச்பிவி ஊசி போடாத பொண்ணுங்களுக்கு 25வது பிறந்தநாள் வரைக்கும் ஜிபி (நாம பேர் பதிஞ்சிருக்கற குடும்ப டாக்டர்) கிட்ட ஃப்ரீ, 2023 செப்டம்பர்ல இருந்து ஒரே ஒரு டோஸ்தான். கல்யாணம் ஆயிடுச்சான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க! ஆனா 25 தாண்டிட்டா காசு குடுத்துதான் போடணும், அது சின்ன காசும் இல்ல.

ஊசி போட்டாலும் ஸ்மியருக்கு போகணும், அழைப்பு இருபத்தி நாலரை வயசுலயே வரும், ஜிபில பேர் பதிஞ்சிருந்தாதான் வரும். பீரியட்ஸுக்கு நடுவுல ரத்தம் பட்டா, உறவுக்கு அப்புறம் ரத்தம் வந்தா, 25 வரைக்கும் காத்திருக்காதீங்க, அது ஸ்கிரீனிங் கணக்குலயே வராது, நேரா ஜிபி கிட்ட போய் காட்டணும். அப்புறம் சித்தி வீட்டு அட்ரஸ் குடுத்து ஜிபில பதிஞ்சவங்க அத முதல்ல மாத்துங்க, கிளினிக் விஷயம் எதுவும் வீட்டுக்கு வராது, ஆனா ஸ்மியர் ரிசல்ட் லெட்டரா வந்தா அந்த அட்ரஸுக்குதான் போகும்.