ஓக்டன் இல்லமும் ஒரு குடும்பத்தின் முறையீடும்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இயங்கிய ஓக்டன் முதியோர் மனநல இல்லத்தைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த முதியவர் ஒருவருக்கு, மருத்துவர் எழுதிய அளவைப்போலப் பத்து மடங்கு மனநோய் மருந்து கொடுக்கப்பட்டதையும், அவர் உடலில் கன்றிப்போன காயங்கள் இருந்ததையும் குறித்து அவருடைய குடும்பத்தார் விடாமல் முறையிட்டார்கள். அந்த முறையீடுதான் மாநிலத் தலைமை மனநல மருத்துவர் ஆரோன் குரோவ்ஸின் விசாரணைக்கு வழிவகுத்தது. அறிக்கை 2017 ஏப்ரலில் வெளியானது, இல்லமும் மூடப்பட்டது.

என்னை இன்றும் உறுத்துவது, அதே 2016இல் அந்த இல்லம் நடுவண் அரசின் தரமதிப்பீட்டில் 44 அளவுகோல்களிலும் தேறியிருந்தது என்பதே. முன்னறிவிப்போடு வருபவர்களுக்குக் கோப்புகள் ஒழுங்காகவே காட்டப்படும். மருந்துப் பதிவேட்டில் எழுதப்பட்ட அளவையும் நேரத்தையும் செவிலியர் குறிப்புகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, நினைவு தடுமாறும் முதியவரின் சொல்லைத் தள்ளிவிடாமல், தினமும் வந்துபோகும் மகளையோ மனைவியையோ உட்காரவைத்துக் கேட்பதையே நான் விசாரணை என்பேன். 2018 ஜூலை முதல் அந்நாட்டில் மறுமதிப்பீட்டு ஆய்வுகள் முன்னறிவிப்பின்றி நடத்தப்படத் தொடங்கின. புகார்களை ஏற்கும் தனி ஆணையம் 2019 ஜனவரி 1 அன்று செயல்படத் தொடங்கியது.